கரை ஒன்று, சொல் இரண்டு

புத்தளம் நகரில் நின்று மேற்கே நோக்குவோர் முதலிற் காண்பது கடலன்று, களப்பேயாகும். களப்பிற்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாடு நீண்டு கிடக்கின்றது. அதனையும் கடந்த பின்னரே அலைகடல் தோன்றும். இவ்விரு நீர்களின் விளிம்பையும் தமிழர் "கரை" என்னும் ஒரே சொல்லாற் குறிப்பர். ஆங்கிலத்திலோ இங்கு இரண்டு சொற்கள் வேண்டப்படுகின்றன. ஒன்று "கோஸ்ட்", மற்றையது "ஷோர்". தமிழ் மாணவர் இவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதி இடர்ப்படுவதற்குக் காரணம் இதுவே.

"கோஸ்ட்" என்பது விலா எலும்பையும் பக்கத்தையும் குறித்த இலத்தீன் சொல்லினின்றும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஒரு நாட்டின் உடலுக்குக் கடற்புறமாக அமைந்த விலா என்று அதனைக் கொள்ளலாம். ஆதலால் அது கடலுக்கு மட்டுமே உரியது. நெடுந்தூரம் பரந்த நிலப்பகுதியைச் சுட்டுவது. "ஷோர்" என்பதோ நீரும் நிலமும் சந்திக்கும் விளிம்பு. கடல், ஏரி, களப்பு ஆகிய எல்லாவற்றிற்கும் அது பொருந்தும். உடப்பு என்னும் ஊர் அமைந்திருப்பது "கோஸ்டில்"; அவ்வூரவர் கரைவலை இழுக்க நிற்பது "ஷோரில்". புத்தளம் நகரோ களப்பின் "ஷோரில்" உள்ளது. களப்பிற்குக் "கோஸ்ட்" உண்டு என்று ஆங்கிலேயர் கூறார்.

இலக்கண வழக்கிலும் வேற்றுமை உண்டு. ஊர் கடலோரத்தில் உள்ளது என்பதற்கு "ஒன் த கோஸ்ட்" என்பர். அங்கு "த" என்னும் சுட்டிடைச்சொல் நீங்காது. கப்பலை விட்டு மாலுமி தரையில் இருக்கின்றான் என்பதற்கு "ஒன் ஷோர்" என்றாலே போதும், சுட்டு வேண்டுவதில்லை. கரைக்கு வருதலைக் குறிக்க "அஷோர்" என்னும் வினையடையும் உண்டு. "கோஸ்ட்" என்னும் சொல்லினின்று அத்தகைய வினையடை வழக்கில் இல்லை. வினைச்சொல்லாகும்போது "கோஸ்ட்" என்பது முன்னர்க் கரையோரமாகக் கப்பல் செலுத்துதலை உணர்த்திற்று. இன்று விசையின்றி வண்டி தானே உருண்டு செல்லுதலையும் உணர்த்துகின்றது. "ஷோர் அப்" என்றால் முட்டுக்கொடுத்துத் தாங்குதல். இந்த "ஷோர்" ஒலியால் ஒத்ததாயினும் அகராதிகள் அதனை வேறு சொல்லாகவே கொள்கின்றன.

இவ்வேறுபாடு வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் கரையோரம் பேணல் பற்றிய 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் "கோஸ்ட்" என்னும் சொல்லையே தலைப்பிற் கொண்டது. உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்புறமாக 300 மீட்டரும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்புறமாக 2 கிலோமீட்டரும் கரையோர வலயம் என அது வரையறுத்தது. கடலோடு தொடர்புடைய களப்புகளுக்கு, முகவாயின் குறுக்கே வரையப்படும் நேர்கோட்டிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீட்டர் என எல்லை குறித்தது. புத்தளக் களப்பின் முகவாயோ வடக்கே உள்ளது. நகரோ அதற்குப் பல கிலோமீட்டர் தெற்கே உள்ளது. கடலை நோக்கி வகுத்த அளவு களப்பின் விளிம்பு முழுவதற்கும் எட்டவில்லை. 2011ஆம் ஆண்டுத் திருத்தமே இத்தகைய நீர்நிலைகளின் சுற்றோரமாக, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து உள்நோக்கி 100 மீட்டர் வரையுள்ள நிலத்தையும் சேர்த்தது. "கோஸ்ட்" என்னும் சொல் காணாத இடத்தை, "ஷோர்" குறிக்கும் பொருள் நிரப்ப வேண்டியதாயிற்று எனலாம்.

களப்பில் மீன்பிடிப்போர்க்கும், அதன் ஓரத்தில் உப்பு விளைவிப்போர்க்கும், கண்டற்காடுகளின் அருகே வாழ்வோர்க்கும் அந்த 100 மீட்டர் சிறிய அளவன்று. அங்கு எதனைக் கட்டலாம், எதனை வெட்டலாகாது என்னும் வினாக்கள் அதனைப் பொறுத்தே எழுகின்றன. ஆகவே ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பத்தையோ அறிவித்தலையோ படிக்குங்கால், அங்கு வருவது "கோஸ்டா", "ஷோரா" என ஒருகணம் நின்று நோக்குதல் நன்று. தமிழிற் கரை ஒன்றேயாயினும், அது கடலின் கரையா களப்பின் கரையா என்று சேர்த்துச் சொல்லுவதே தெளிவுக்கு வழியாகும்.