தாயுமான தமக்கையார்



அறுபத்துமூவர் திருவீதி உலாவைத் தரிசிக்கக் காத்திருக்கின்றீர்கள். உழவாரப்படை தாங்கி எழுந்தருளும் அப்பர் பெருமானைக் கண்டதும் நம் கைகள் தாமே குவியும். அவரை வளர்த்துத் தந்த திலகவதியாரோ அறுபத்துமூவர் எண்ணிக்கையில் இல்லை. அவ்வம்மையாரைச் சிறிது சிந்திப்போம்.

திருவாமூரில் தந்தையார் புகழனாரும் தாயார் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்த அம்மையார், அடிபற்றி அழுத தம்பி மருணீக்கியாருக்காகவே உயிர் தாங்கினார் என்கின்றார் சேக்கிழார் பெருமான்.

அவ்வாறு வளர்ந்த தம்பி வேற்றுச் சமயம் புகுந்தார். அம்மையார் திருவதிகைப் பெருமானிடமே முறையிட்டார். பெருமானும் கனவில் தோன்றி, "கவலை ஒழிக" என்று தேற்றியருளினார். தம்பிக்குச் சூலைநோய் வந்தது அதன் பின்னர்தான். ஈண்டு ஒரு நுட்பம் காண்க: பிள்ளையை ஆட்கொள்ளுமுன், வளர்த்தவரின் கண்ணீரை இறைவன் துடைத்தான்!

நாம் என் செய்கின்றோம்? பெற்றோரை இழந்த பேரனை வளர்க்கும் பாட்டியைப் "புண்ணியவதி" என்று புகழ்ந்துவிட்டு நம் வீடு சேர்கின்றோம். புகழுரை உலையில் ஏறுமா? பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அலையும் அம்மூதாட்டிக்கு வழித்துணை யார்? அப்பிள்ளையின் செவிபடத் "தாயில்லாப் பிள்ளை" என்று இரங்குவதும் கொடுமையே அன்றோ?

மதுரையிலே, தனபதி வணிகர் மகனாகக் கொண்டு வளர்த்த மருகனுக்கு எல்லாப் பொருளையும் அளித்துத் தவஞ்செய்யச் சென்றார். தாயத்தார் அப்பொருளைக் கவர்ந்துகொண்டனர். அப்போது சொக்கேசப் பெருமான் என் செய்தார்? பொன்மழை பொழிந்தாரா? இல்லை. அம்மாமன் வடிவிலேயே வந்து, அவையேறி வழக்குரைத்து மீட்டுத் தந்தார். திருவிளையாடற் புராணத்தின் 39-ஆம் படலம் இது. உறவாய் உடன் நிற்பதே உதவி என்பதை ஐயனே நடந்து காட்டினான்.

பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் ஆதரவில் வளரும் குழந்தைகட்கு, 18 வயது வரை திங்கள்தோறும் 2,000 ரூபாய் வழங்கும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. இதனை அறியாத பாட்டியும் சிற்றன்னையும் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்கட்கு எடுத்துரைத்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, உடன் சென்று வாருங்கள். அதுவும் உழவாரத் தொண்டே.

சற்றுப்பொழுதில் அப்பர் பெருமான் இவ்வழியே எழுந்தருள்வார். வணங்குங்கள். வணங்கியபின் அருகே திரும்பிப் பாருங்கள். பேரனைத் தோளில் ஏற்றித் தரிசனம் செய்விக்கும் ஒரு திலகவதியார் அங்கே நின்றுகொண்டிருப்பார். சிறிது நேரம் அப்பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.