முன்னது எது, பின்னது எது?

மடுத் திருப்பதியின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்று கற்கலாம். போர் நெருங்கியமையால், 2008 ஏப்ரல் தொடக்கத்தில் மடு அன்னையின் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது. இராணுவத்தினர் ஆலயப் பகுதியை அடைந்தது அம்மாதப் பிற்பகுதியிலேயே.

இதனை ஆங்கிலத்தில் எழுதப் புகும் மாணவன், "வென் தி ஆர்மி கேம், தி ஸ்டாட்யூ லெஃப்ட்" என்று எழுதினால், படையினர் வந்த பின்னரே சொரூபம் புறப்பட்டது என்று பொருள்படும். "தி ஸ்டாட்யூ ஹாட் ஆல்ரெடி லெஃப்ட்" என்பதே நிகழ்ந்ததை உரைக்கும்.

தமிழில் 'ஏற்கெனவே சென்றிருந்தது' என்போம். 'ஏற்கெனவே' என்னும் வினையடை முழு வினைக்கும் முன்னே நிற்கும்; 'சென்று', 'இருந்தது' என்னும் இரண்டுக்கும் இடையே புகாது. ஆங்கிலத்திலோ ஆல்ரெடி, ஜஸ்ட், நெவர் முதலிய அடைகள் பெரும்பாலும் 'ஹாட்' என்னும் துணைவினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவே அமரும். 'யெஸ்டர்டே' போன்ற சொல் அவ்விடத்திற்குப் பொருந்தாது. வாக்கியத்தின் முதலிலோ ஈற்றிலோ நிற்கும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் தம் கதையை அயல்நாட்டவர்க்கு ஆங்கிலத்தில் எழுதுங்கால், முன்னதும் பின்னதும் மாறினால் சாட்சியமே பிறழ்ந்துவிடும். ஒரு துணைவினையும் ஒரு சிற்றடையும் அப்பிழையைத் தடுக்க வல்லன.