கல்லில் ஏறாத பெயர்கள்



இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயரில், கூம் என்றொரு குன்று உண்டு. ஏறி நின்றால் ஐல்ஸ்பரிப் பள்ளத்தாக்கின் வயல்களும் ஊர்களும் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். தென்னாபிரிக்கப் போரில் மாண்ட அப்பகுதியினர் 148 பேருக்காக அதன் உச்சியில் 1904இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். 1938இல் இடி விழுந்து தூண் சிதைந்தது. அவ்வாண்டே மீண்டும் கட்டினார்கள். 1972இல் வெண்கலப் பலகை களவு போயிற்று. அதனிடத்தில் கற்பலகை பதித்தார்கள். பெயர் அழியக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

இது தமிழருக்குப் புதிதன்று. நடுகல் வழக்கத்தைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாக வகுக்கிறது. இளங்கோவடிகள் அந்நிலைகளின் பெயர்களையே வஞ்சிக் காண்டக் காதைகளுக்குச் சூட்டினார். வாளேந்திப் போர்க்களம் காணாத கண்ணகிக்கு வீரருக்குரிய கல்லை அளித்தார். நீதிக்காக நின்றவரும் கல்லுக்கு உரியவரே என்பது அவர் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை மனத்திற்கொண்டு நமது மலைகளைப் பார்ப்போம். டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கிறது. அதன் வளவில் துரைமாரின் கல்லறைகள். பெயரையும் ஆண்டையும் இன்றும் வாசிக்கலாம். 1914இல் தோட்டத் துரைமாரின் படையொன்று எகிப்துக்குக் கப்பலேறி, மறு ஆண்டு கலிப்பொலிக் களம் கண்டது. அவர்களுக்கும் வரலாற்றில் இடமுண்டு.

காடு வெட்டி, கோப்பியும் தேயிலையும் நட்டு மடிந்தவர்களுக்கு? சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை, கல்லறையின்றித் தேயிலை மண்ணுக்குள் துயில்பவர்களை நினைத்து உருகுகிறது. சக்தி பாலையா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். 1940இல் முல்லோயாவில் கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனும் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். மக்கள் விடாமல் சொல்லி வந்ததால் அவ்விரு பெயர்களும் நிலைத்தன. ஏனையோர் பெயர்கள் செக்ரோலில் ஒருநாட் சம்பளத்துக்காக எழுதப்பட்டதோடு சரி.

நடுகல்லின் முதல் நிலை காட்சி. அதாவது, தகுந்த கல்லைத் தேடிக் காணுதல். நாம் முதலில் தேடவேண்டியது பெயர்களை. லயத்தில் இருக்கும் பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேளுங்கள்: அவர்களின் பாட்டன் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த மலையில் வேலை செய்தார், எங்கே அடக்கம் செய்தார்கள்? சொன்னதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கல் பிறகு வரட்டும். சொல்பவர்கள் இருக்கும்போதே பெயர்கள் கிடைக்கவேண்டும்.