படர்தாமரைக்குக் கடற்பஞ்சு மருந்தா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவைதான் ஊருக்கு வருகிறார். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை. ஒன்றரை வருஷமாகப் போகவே இல்லையாம். கடற்பஞ்சிலிருந்து பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏதோ வந்திருக்கிறது. அவர் கேட்டது இதுதான்: "சார், அது எப்ப கடைக்கு வரும்? அதுவரைக்கும் இந்தக் களிம்பையே போட்டுக்கிட்டு ஓட்டலாமா?"

நேராவே சொல்லிடறேன். அது கடைக்கு வரவில்லை, சீக்கிரம் வரும் என்று சொல்வதற்கும் இல்லை. அந்தக் களிம்பை வைத்து ஓட்டவும் கூடாது.

களிம்பிலிருந்தே ஆரம்பிப்போம். டியூபை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பேரு வேண்டாம், அதே மாதிரி நிறைய இருக்கு. உங்க வீட்டில் இருக்கிற டியூபின் பின்பக்கம் சின்ன எழுத்தைப் பாருங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. கூடவே கொஞ்சம் பூஞ்சை மருந்து, கொஞ்சம் ஆன்டிபயாட்டிக். போட்ட இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், சிவப்பும் குறையும். "நல்ல மருந்து"ன்னு பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். உண்மையில் அந்த ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. பூஞ்சைக்கு அது வசதி. அது பாட்டுக்கு உள்ளே பரவிக்கொண்டிருக்கும். வட்டம் வட்டமாக இருந்த அடையாளம்கூடக் கலைந்துபோய், பார்க்கிற டாக்டருக்கே குழப்பம் வரும். மாதக்கணக்கில் போட்டால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாகப் பிளக்கும். அந்தக் கோடு பெரும்பாலும் மறையாது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும்.

இன்னொரு பக்கம், பூஞ்சையும் பழைய பூஞ்சை இல்லை. இப்போது நம்ம நாட்டில் பரவிக்கிடக்கும் வகைக்கு 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று தனிப் பெயரே வைத்தார்கள். 'இன்டோ' என்பது நம்ம இந்தியாதான். பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இருப்பதைக் கண்டு அமெரிக்கா அறிக்கை வெளியிட்டது. இதில் நிறைய ரகங்கள் டெர்பினாஃபின் மாத்திரைக்கு அசைவதில்லை. பூஞ்சை தன் செல்லின் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைத் தயாரிக்கும். அதற்கு வேண்டிய ஒரு நொதியை டெர்பினாஃபின் முடக்கும். அந்த நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்தால் அதைப் பிடிக்க முடியாது. பல நோயாளிகளிடம் அதுதான் நடந்திருக்கிறது.

இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் கடலுக்குள் தேடுகிறார்கள். கடற்பஞ்சு என்றால் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் இல்லை. பள்ளிக்கூடத்தில் துளையுடலிகள் என்று படித்தோமே, அது. செடி மாதிரி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் விலங்கு. ஒரு கிலோ கடற்பஞ்சு ஒரு நாளைக்கு 24,000 லிட்டர் வரை தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும் என்கிறார்கள். ரெண்டு தண்ணி லாரி! அந்தத் தண்ணீரோடு பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் உள்ளே வரும். ஓட முடியாது, ஓடும் இல்லை, பல்லும் இல்லை. இருக்கிற ஒரே ஆயுதம் ரசாயனம். பல நேரம் அதைத் தயாரிப்பதுகூடக் கடற்பஞ்சு இல்லை, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்.

வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. 1989-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தியோனெல்லா என்ற கடற்பஞ்சிலிருந்து தியோனெல்லமைடு எஃப் என்ற பொருளைப் பிரித்தார்கள். ஆய்வகத்தில் அது டிரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சைகளின் வளர்ச்சியையும் தடுத்தது, அதாவது படர்தாமரைக் குடும்பத்தை. இந்தப் பொருள் எர்கோஸ்டெரால் மாதிரியான கொழுப்புகளிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. டெர்பினாஃபின் வேலை செய்யும் இடம் வேறு, இது வேறு. கேட்க நல்லா இருக்குல்ல?

சிக்கலும் அங்கேதான். கிட்டத்தட்ட அதே அளவில் அது எலியின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களையும் கொன்றது. நம் செல்லின் சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ரால், எர்கோஸ்டெராலுக்குப் பங்காளி மாதிரி. பாக்டீரியா நமக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, அதனால் அதை மட்டும் அடிப்பது சுலபம். பூஞ்சை அப்படியில்லை. செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் அது நெருக்கம். அதைக் கொல்வது நம்மையும் தொடும். பூஞ்சை மருந்துகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செல்லைக் கொல்லும் குணமே வேறு இடத்தில் பயன்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைட்டராபின், 1950 வாக்கில் வெர்னர் பெர்க்மன் ஃபுளோரிடாக் கடற்பஞ்சில் கண்ட பொருட்களிலிருந்து கிளைத்தது. அமெரிக்காவில் 1969-ல் அனுமதி. மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலினுக்கு 2010-ல் அனுமதி. அதன் மூலப்பொருளைத் தேடி ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சை அரைத்தார்கள். கிடைத்தது 12.5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்புகூட இல்லை! பிறகு அதைச் சுருக்கி, ஆய்வகத்திலேயே அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்யக் கற்றுக்கொண்டதால்தான் மருந்தானது.

நம்ம மன்னார் வளைகுடாவிலும் கடற்பஞ்சு இனங்கள் ஏராளம். 1905-லேயே ஆர்தர் டெண்டி, இலங்கை முத்துக்குளிப்புப் பகுதிக் கடற்பஞ்சுகளைப் பற்றிப் பெரிய அறிக்கை எழுதினார். அதற்காக அங்கே போய் வாரிக்கொண்டு வர முடியாது. 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்கா அது. 600 கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்ற கணக்கில் எந்தக் கடலும் தாங்காது.

யாராவது 'கடற்பஞ்சுப் பொடி' என்று விற்றால் தோலில் தேய்த்துவிடாதீங்க. பல கடற்பஞ்சுகளின் உடம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி நுண்ணிய ஊசிகள். தேய்த்தால் அரிப்பு போகாது, கூடும்.

இப்ப பென்னாகரம் நண்பருக்கு. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு நாள் சேர்த்து லீவு போடுங்க. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பாருங்க. அந்த டியூபையும் கையோடு கொண்டு போங்க, மறைக்க வேண்டாம். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். டெர்பினாஃபின் கேட்காவிட்டால் இட்ராகோனசோல் மாதிரி வேறு மாத்திரை இருக்கிறது. அது மற்ற மாத்திரைகளோடு மோதும், அதனால் நீங்களாக வாங்கக் கூடாது. சிவப்பு போனதும் நிறுத்தாதீங்க, அவர் சொல்கிற வாரக்கணக்கை முடிங்க. களிம்பை நிறுத்தினதும் முதல் சில நாள் அரிப்பு கூடலாம். அந்தச் சமயத்தில்தான் கை பழைய டியூபுக்குப் போகும்.

ரூமில் துண்டையும் லுங்கியையும் மாற்றிக் கட்டுறீங்களா? அதை நிறுத்துங்க. வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்கணும். இல்லாட்டி நீங்க அவங்களுக்கு, அவங்க உங்களுக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். துணியைச் சுடுதண்ணியில் அலசி வெயிலில் காயப்போடுங்க.

அப்புறம் அந்த போட்டோவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. எப்போதும் வேர்வையில் ஊறி, அதற்கு அடியிலேயேதான் உங்க படை ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் அம்மா சங்கடப்படலாம். வைத்தியம் முடிகிற வரைக்குமாவது அதைக் கழற்றி வைத்துவிட்டு, அப்புறம் புதுசு கட்டிக்கறேன்னு அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க.