முதல் மூன்று இரவுகள்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு லிங்கநகரில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், மூத்த மாணவியர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



காளியைப் பற்றியும் அவளை வணங்குவோரைப் பற்றியும் பேசப் போகிறோம் என்றதும், நூற்றாண்டு விழாவில் சரஸ்வதியைப் பற்றியல்லவா பேசவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நவராத்திரியின் முதல் மூன்று இரவுகள் துர்க்கைக்கு உரியவை. நடுவில் உள்ள மூன்றும் இலக்குமிக்கு, கடைசி மூன்றும் கலைமகளுக்கு. நம் பாடசாலை நினைவுகளில் நிற்பது பெரும்பாலும் கடைசி மூன்று நாட்கள்தாம். வாணி விழா, சகலகலாவல்லி மாலை, கோலம், கொலு, அவல், கடலை, சுண்டல். வெள்ளைச் சேலை உடுத்த கலைமகளாக மேடையில் இருப்பதற்கு எத்தனை போட்டி! துர்க்கையாக வர முன்வந்த பிள்ளைகள் குறைவு. காளியாக வர எவரும் கேட்டதில்லை. முதல் மூன்று இரவுகளை விரைவாகக் கடந்து வெளிச்சத்துக்கு வந்துவிடுவதே நம் வழக்கமாக இருந்தது.

இன்று எங்கள் பேரப்பிள்ளைகள் பார்க்கும் மாயாஜாலக் கதைகளிலும் இருளுக்கு ஒரு தேவதை இருக்கிறாள். அவள் எப்போதும் தீயவள். அவளை வணங்குவோர் சதிகாரர். வெளிச்சத்தின் பக்கம் நிற்கும் வீரன் வந்து அவளை அழிப்பான். நம் மரபிலோ கதை நேர்மாறானது. தேவி மகாத்மியத்தில் சினம் கொண்ட தேவியின் நெற்றியிலிருந்து கறுத்த உருவோடு வெளிப்படுகிறாள் காளி. இரத்தபீசன் என்ற அசுரனின் குருதி ஒரு துளி நிலத்தில் விழுந்தாலும் அதிலிருந்து இன்னோர் அசுரன் எழுவான். அந்தக் குருதி நிலத்தைத் தொடாமல் குடித்து அவனை முடிக்கத் துணை நின்றவள் அவள்தான். அவள் பெயரில் கருமையும் உண்டு, காலமும் உண்டு. நம் இருட்டு தீமையின் வீடு அல்ல. வேறு எவராலும் முடிக்க இயலாத காரியம் முடிகின்ற இடம்.

அவளை வணங்கியோர் யார் என்று தமிழ் நூல்களில் தேடினால், சிலப்பதிகாரத்தில் ஒரு காட்சி கிடைக்கிறது. மதுரைக்குப் போகும் வழியில் கோவலனும் கண்ணகியும் பாலைநிலத்துக் கொற்றவை கோயிலில் இளைப்பாறுகிறார்கள். அங்கே சாலினி என்ற பெண் தெய்வமுற்று ஆடுகிறாள். ஆடியவள் கண்ணகியைச் சுட்டிப் பெரிதும் புகழ்கிறாள். கண்ணகியோ நாணிக் கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறாள்.

பின்னர் நடந்ததை இங்குள்ள எல்லோரும் படித்திருக்கிறோம். விரிந்த கூந்தலோடு ஒற்றைச் சிலம்பை ஏந்திப் பாண்டியன் வாயிலில் அதே பெண் நிற்கும்போது, காவலன் அவளைக் கொற்றவையோடும் காளியோடும் ஒப்பிட்டே அரசனுக்கு அறிவிக்கிறான். அவள் கேட்டது வரம் அல்ல, நீதி. இளங்கோ அந்தக் காதைக்கு வைத்த பெயர் வழக்குரை காதை. நம் கிழக்குக் கரையில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறந்து 'கண்ணகி வழக்குரை' பாடப்படுகிறது. எரித்தவளின் சினம் தணியக் குளிர்த்தியும் செய்கிறார்கள். வழக்கை முழுதாகக் கேட்ட பிறகுதான் குளிர்த்தி. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்.

காரைக்கால் அம்மையாரையும் இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அழகு வேண்டாம் என்று உதறிப் பேயுருவைக் கேட்டுப் பெற்றவர் அவர். காளி இறைவனோடு ஆடிய தலம் என்று சொல்லப்படும் திருவாலங்காட்டையும் அதன் சுடுகாட்டு ஆடலையும் பாடியவர். அவருடைய வெண்கலப் படிமம் பொலன்னறுவைச் சிவாலயத்திலும் கிடைத்திருக்கிறது. எலும்பும் தோலுமாகத் தாளமிட்டுக்கொண்டிருக்கும் அந்த மெலிந்த பெண்ணைச் சோழர் காலத்தில் இந்த நாட்டில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். நாமோ கறுத்த அம்பாளைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பெண் பார்க்கப் போன இடத்தில் பிள்ளைக்கு நிறம் குறைவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நூறு ஆண்டுகள் படித்த பிறகும் இந்தச் சொல் நம் வாயில் இருப்பது வெட்கத்துக்குரியது.

இனி நம் காலத்துக்கு வருவோம். பற்றீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர், போர் நடந்த 1990களில் மட்டக்களப்புப் பகுதி அம்மன் கோயில்களில் தங்கி ஆய்வு செய்தார். அவருடைய கட்டுரை 2000ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்தது. பிடித்துச் செல்லப்பட்ட மகனைப் பற்றி எந்த அலுவலகத்திலும் வாய் திறக்க அஞ்சிய தாய்மார், காளிக்கு உருவாடி வாக்குச் சொல்பவரிடம் போனார்கள். உயிரோடு இருக்கிறானா, எந்தத் திசையில் இருக்கிறான் என்று கேட்டார்கள். நேர்த்திகளும் தீமிதிப்பும் அக்காலத்தில் பெருகின. பயங்கரவாதத் தடைச் சட்டமும் ஊரடங்கும் இருந்த நாட்களில், ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழ எஞ்சியிருந்த இடம் அந்தச் சந்நிதி.

இது நமக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. 1987 முதல் 1990 வரையான கிளர்ச்சிக் காலத்தில் தெற்கில் காணாமற்போன இளைஞர்களின் சிங்களத் தாய்மார், 1992 ஜூனில் கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோயிலுக்குத் திரண்டு போனார்கள். தேங்காய் உடைத்து, அழுது, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் மேல் சாபமிட்டார்கள். முன்னேசுவரத்துக் காளியிடமும் இரு மொழியினரும் போகிறார்கள். இரண்டு மொழித் தாய்மாரும் ஒரே கறுத்த தாயிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

இதனால் கோயில் இருந்தால் நீதிமன்றம் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வாக்குக் கேட்டுவந்த தாய்க்குச் சில நாள் உறக்கம் வந்திருக்கலாம், மகன் வரவில்லை. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் படங்களை ஏந்தித் தெருவோரம் அமர்ந்திருப்பதும் அதனால்தான். ஆனால் இருட்டில் அழப் பழகிய ஒருவருக்குத்தான் வெளிச்சத்தில் வந்து கேட்கும் துணிவும் வருகிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சாலினி சுட்டியபோது நாணி ஒதுங்கிய பெண்தானே பிறகு அரசவைக்குத் தனியே போனாள்.

நம் திருகோணமலைக்கு இது புதிதல்ல. கோணேசரும் மாதுமையாளும் மலையில் இருக்க, ஊர் நடுவே பத்திரகாளி இருக்கிறாள். 1620களில் போர்த்துக்கீசர் மலைக்கோயிலை இடித்துக் கல்லெடுத்துக் கோட்டை கட்டிய பிறகும் இந்த ஊர் தன் வழிபாட்டை விடவில்லை. நவராத்திரி இரவுகளில் கும்பங்கள் தெருவில் வரும்போது வீட்டு வாசல்களில் விளக்கேற்றி நிற்கிறோம். வெளிச்சத்தை இருட்டுக்குள்தான் கொண்டுபோகிறோம். பட்டப்பகலில் கும்பம் எடுத்தால் அந்த விளக்குக்கு என்ன வேலை?

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நம் வெற்றிகளை இந்த மலர் நிறையவே சொல்கிறது. வைத்தியர்கள், ஆசிரியைகள், பொறியியலாளர்கள், எல்லோரையும் எண்ணி மகிழ்கிறோம். அது கடைசி மூன்று இரவுகளின் கணக்கு. முதல் மூன்று இரவுகளின் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. 1983, 1985, 1987, 1990 ஆகிய ஆண்டுகளில் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து, திடீரென்று இடாப்பில் பெயர் நின்றுபோன பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். சிலர் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். சிலர் உள்ளூரிலேயே இடம்பெயர்ந்து படிப்பை விட்டார்கள். சிலரைப் பற்றி இன்றுவரை செய்தி இல்லை. வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து, நினைவிலிருந்து அந்தப் பெயர்களை எழுதுவோம். தெரிந்ததைத் தெரிந்தபடி ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிப்போம். குடும்பத்தார் விரும்பாததை எழுதவேண்டாம். அடுத்த நவராத்திரியின் முதல் இரவில் அந்தப் பெயர்களை வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விளக்கேற்றுவோம். சகலகலாவல்லி மாலை ஏழாம் நாள் வரட்டும்.

பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று. அடுத்த வாணி விழா மேடையில் காளியாக வரக் கேட்டால் பின்னுக்கு ஒதுங்காதீர்கள். அவள் முகத்தில் பூசும் கருமை பயமுறுத்துவதற்கு அல்ல. உங்கள் அம்மம்மாமார் சொல்லாமல் வைத்திருந்த பலவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த நிறம் அது.