தகட்டில் தங்கும் சக்தி



மின்சார விசிறி சுற்றாமல் நின்றுபோனால், ரிப்பேர்க்காரர் ஒரு சிறு டப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுகிறார். அதுதான் கண்டென்சர், மின்தேக்கி என்றும் சொல்லுவார்கள். உள்ளே இருப்பதெல்லாம் இரண்டு உலோகத் தகடும் (இன்று வெறும் பூச்சுதான்), நடுவில் மின்சாரத்தைக் கடக்கவொட்டாத ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏடுமேயாகும்.

தகட்டில் சக்தியை இறக்கித் தருவதாகத் தாயத்து விற்பவர்கள் நம்மிடையே உண்டு. மெய்யாகவே இறக்கிக் காட்டியவர்கள், 1745, 1746-ம் வருஷங்களில் கண்ணாடி ஜாடியை வைத்துச் சோதனை செய்தவர்களே. 1746-ல் பிரான்சிலே நொல்லே என்ற பாதிரியார் சுமார் இருநூறு சந்நியாசிகளை வரிசையாக நிறுத்தி, ஜாடியின் மின்சாரத்தை அவர்கள் வழியே செலுத்தினார். எல்லோரும் ஏககாலத்தில் துள்ளினார்கள். பக்தி மிகுந்தவருக்கென்று மின்சாரம் சலுகை காட்டவில்லை!

நிற்க. இன்றைய சங்கடம் யாதெனில், உஷ்ணம். மின்சார மோட்டார் வண்டிகளில், பாட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கருவியில் இந்தத் தேக்கி வேலை செய்கிறது. அதன் ஏடு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். மலிவு, மின்சார விரயமும் குறைவு. ஆனால் 85 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினாலே வோல்டேஜைக் குறைக்கவேண்டும். சுமார் 105-க்கு மேல் உதவாது. எஞ்சினும் சேர்ந்த வண்டியில் பக்கத்துச் சூடோ 140 வரை ஏறக்கூடும். ஆகவே அதைக் குளிர்விக்க ஓர் ஏற்பாடு, அதற்கொரு செலவு, அதற்கொரு பாரம்.

அப்படியானால் உருகாத பிளாஸ்டிக்கைப் போட்டால் தீர்ந்ததே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாலி இமைடு என்பது 300 டிகிரியிலும் உருகாது. ஆனால் உருகாமலிருப்பது வேறு, மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது வேறு. சூடு ஏற ஏற எலெக்ட்ரான்கள் ஏட்டின் வழியே கசிகின்றன. கசிவு சூட்டை உண்டாக்குகிறது. அந்தச் சூடு மேலும் கசிவை வளர்க்கிறது. பிளாஸ்டிக்கோ சூட்டை எளிதில் வெளியே விடாத சரக்கு. கடைசியில் ஏடு பொத்துவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், சூட்டைத் தாங்க மூலக்கூறில் அமைத்த வளையங்களே எலெக்ட்ரானுக்கு வழிவிடவும் செய்கின்றன.

2015-ல் அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள், மூலக்கூறுகள் வலைபோல் பின்னிக்கொண்ட ஒரு பிளாஸ்டிக்கில் போரான் நைட்ரைடின் மிக நுண்ணிய செதில்களைக் கலந்தார்கள். அச்செதில் மின்சாரத்தை விடாது. சூட்டை மாத்திரம் கடத்திவிடும். அந்த ஏடு 250 டிகிரியிலும் வேலை செய்தது.

இனிக் கவலையில்லை என்று எவராவது விளம்பரம் செய்தால், எத்தனை மைல் நீளம் செய்தீர்கள் என்று கேளுங்கள். சோதனைச் சாலையில் ஒரு துண்டு செய்வது ஒன்று. தொழிற்சாலையில் ஓட்டை விழாமல், தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியதாக, சுருள் சுருளாக நீட்டுவது மற்றொன்று. பாலிபுரோப்பிலீன் அப்படி நீளுகிறது. அதனால்தான் அது இன்னும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, குளிர்ச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறது.