பாதியில் நின்ற தொடக்கம்



கணிப்பொறியின் விசையை அழுத்தியதும், திரை ஒளிர்வதற்கு முன்னரே உள்ளே பெரும் வேலை நடைபெறுகிறது. கெர்னல் என்னும் உட்கரு நிரல், வட்டு, விசைப்பலகை முதலிய கருவிகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. அவற்றுள் ஒன்று எழாமற் போனால் என் செய்வது? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பொறியியல் பயிலும் என் பேரன், லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு டிரைவர் நிரல் எழுதினான். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் பின்லாந்தில் மாணவராக இருந்தபோது, 1991-இல் தொடங்கிய கெர்னல் அது. பேரனின் நிரல் முதலில் கருவியின் முகவரிப் பகுதியைத் தன் பெயரில் பதிந்துகொள்ளும்; அடுத்து நினைவகத்தில் இடம் கேட்கும்; பின்னர் கருவி கெர்னலை அழைப்பதற்கான இன்டரப்ட் இணைப்பைக் கோரும். மூன்றாவது கோரிக்கை மறுக்கப்பட்டது. நிரல் "தோல்வி" என்று கூறித் திரும்பிவிட்டது. இணைப்பின் எண்ணைத் திருத்தி அவன் மீண்டும் முயன்றான். இம்முறை முதற்படியிலேயே தடை! கிடைத்த விடை, கழித்தல் 16. அவ்விடம் ஏற்கெனவே பிறர் வசம் உள்ளது என்பது அதன் பொருள். கருவியே பழுது என்றெண்ணிக் கழற்றி மாட்டிப் பார்த்தான். அந்தப் "பிறர்" வேறு யாருமல்லர். சற்று முன் தோற்றுப்போன அவனது நிரலே!

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நினைவகத்தை விடுவித்துவிட்டு இன்டரப்ட் இணைப்பை மட்டும் விடுவிக்க மறந்தால், கருவி அழைக்கும்போது, பிறருக்குரியதாகிவிட்ட நினைவகத்தில் கெர்னல் கை வைத்துவிடும். தவறு ஓரிடம்; வீழ்ச்சி வேறிடம்.

ஆகவே கடைசியாகப் பெற்றதை முதலில் விடுவித்து, வந்த வழியே படிப்படியாக இறங்குகிறார்கள். இதற்குக் 'கோட்டு' என்னும் தாவற்கட்டளையைக் கையாளுகிறார்கள். அக்கட்டளை தீங்கானது என்று 1968-இல் டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் எழுதினார். வகுப்பறையில் நானும் அதையே வற்புறுத்தியவன்தான். லினக்ஸின் நடைவிதிகளோ இந்த ஒரு பயனுக்கு அதை ஏற்கின்றன. பேரன் காட்டியபோது என் பிடிவாதம் சற்றே தளர்ந்தது.

எல்லாத் தோல்வியும் ஒரு தரத்தன அல்ல. வலையட்டை எழாவிட்டால் செய்தியைப் பதிந்துவிட்டு மேலே செல்லலாம். மூலக் கோப்புத் தொகுதியே கிட்டாவிட்டால், கெர்னல் காரணத்தைத் திரையில் எழுதி நின்றுவிடும். இன்னொரு கருவி எழுந்த பிறகே தான் எழ இயலும் என்னும் நிலையிலுள்ள கருவிக்கு, "பின்னர் முயல்க" என்னும் விடையும் 2012 முதல் உண்டு.

பேரன் நான்கைந்து வரிகளே சேர்த்தான். பின்னர் மூன்றாம் படியை வேண்டுமென்றே பலமுறை தோற்கச் செய்து பார்த்தான். கழித்தல் 16 மீண்டும் வரவில்லை.